கதவில் மாட்டும் வளையத்துக்கு என்ன பெயர்?

காரைக்குடி, மொழிபெயர்ப்பாளர்:
நண்பர்களே, அவசரம். வீட்டு அலங்காரக் கைவினை நூல் ஒன்றைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை கெடு. ஓர் அத்தியாயம் முழுக்க 'ரீத்'. வட அமெரிக்காவில் இலையுதிர்காலம் வந்தால் காய்ந்த மேப்பிள் இலை, பைன் காய், கோதுமைக் கதிர் எல்லாவற்றையும் ஒரு வட்டத்தில் கட்டி வாசற்கதவில் மாட்டுவார்கள். நான் 'மலர்வளையம்' என்று எழுதிவைத்தேன். நேற்று ஆத்தா படித்துவிட்டு, "வாசல்ல மலர்வளையம்னா, அந்த வீட்டுல யாரு போயிட்டா?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. கஜலட்சுமி செதுக்கிய நிலைக்குக் கீழே மலர்வளையமா?

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, அதில் மலரே இல்லையே! தலையில் சூடுவது கண்ணி, மார்பில் அணிவது தார். புறநானூற்றுக் கடவுள் வாழ்த்தில் சிவனுக்கு இரண்டும் கொன்றைதான். தலையைச் சுற்றி வட்டமாக வருவதால் இதற்குக் கண்ணியே பொருந்தும். பருவத்தையும் சேர்த்துக் 'கூதிர்க்கண்ணி' என்க.

டொரொன்டோ:
ஐயா, குறை நினைக்காதேங்கோ. கண்ணி எண்டால் எங்கட சனத்துக்கு முதல்ல ஞாபகம் வாறது கண்ணிவெடி. கதவில அது வேண்டாம். கூதிரும் இடிக்குது. இஞ்ச இலை சிவக்கத் தொடங்கிறது செப்டம்பர் கடைசியில. கூதிர் ஐப்பசி, கார்த்திகையெல்லோ? அது உங்களுக்கு அடைமழை.

காரைக்குடி, கல்லூரி மாணவர்:
நம்மூர் அரசமரம் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். அது பின்பனி. இலக்கணப்படி போனால் பருவமே மாறிவிடும். பேசாமல் 'ரீத்' என்றே போட்டுவிடுங்கள்.

தேவகோட்டை:
தமிழ்த்தாய்க்குக் கோயில் கட்டிய ஊரில் இருந்துகொண்டு இப்படி எழுதக் கை வருகிறதா?

காரைக்குடி, மாணவர்:
வருகிறது ஐயா. ஆனால் யோசித்துப் பார்த்தால் 'ரீத்'தும் உதவாது. தலைவர்கள் இறந்தால் "ரீத் வைக்கப் போகிறோம்" என்றுதானே சொல்கிறோம். வாபஸ்.

கானாடுகாத்தான், ஓலைக் கொட்டான் (கூடை) முடைபவர் (பேத்தி தட்டச்சு செய்கிறாள்):
பேரைப் பிறகு பார்ப்போம். அதை எப்படிச் செய்யுறாக? அதச் சொல்லுங்க.

காரைக்குடி, மொழிபெயர்ப்பாளர்:
திராட்சைக் கொடியை ஈரத்தோடு முறுக்கி வட்டமாகச் சுற்றிக் காயவிடணும் ஆச்சி. வைக்கோலை இறுகக் கட்டியும் செய்வார்கள். அதன்மேல் இலைக்கொத்துகளை ஒரே திசையில், ஒன்றின் காம்பை அடுத்தது மறைக்கிற மாதிரி, மெல்லிய கம்பியால் கட்டிக்கொண்டே போகணும்.

கானாடுகாத்தான்:
அட, அடியில இருக்கிறது பிரிமணை! உருண்ட பானை ஆடாம இருக்க வைக்கோலத் திரிச்சுச் சுத்தி வைப்போமே, அதேதான்.

தேவகோட்டை:
புரிமணை என்பதே திருந்திய வடிவம். புரி என்றால் முறுக்கு. வைக்கோற்புரி, முப்புரிநூல், வலம்புரி எல்லாம் அந்த வேர்தான். வலம்புரிச் சங்கின் சுழி எப்படி...

காரைக்குடி, மாணவர்:
ஐயா, கடலுக்குப் போய்விட்டோம். கதவுக்குத் திரும்புவோமா?

தேவகோட்டை:
திரும்புகிறேன், நல்ல சொல்லோடு. இலையும் பூவும் கலந்து தொடுத்தது படலை. பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையன், மரக்கிளையில் பூக்கும் கோட்டுப்பூவும் கொடிப்பூவும் விரவிய படலைக் கண்ணி சூடியிருக்கிறான். அரசனுக்கில்லை, மேய்ப்பவனுக்கு! காட்டில் பொறுக்கியதைக் கட்டும் இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தம் ஏது? படல், படலை, படலம், படர் எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் துணிபு.

டொரொன்டோ:
ஐயோ! எங்களுக்குப் படலை எண்டால் வளவின்ர கேற். "படலையில படலையக் கொழுவு" எண்டு சொன்னால் என்ர அம்மா என்னை ஒரு மாதிரிப் பாப்பா.

கானாடுகாத்தான்:
வளவுக்கு எதுக்கு கேட்டு? வளவு வீட்டுக்குள்ளல்ல இருக்கு, முற்றத்தச் சுத்தி?

டொரொன்டோ:
எங்களுக்கு வளவு எண்டால் வீட்டைச் சுத்தியுள்ள காணி, ஆச்சி. உங்கட வளவு உள்ளுக்க, எங்கட வளவு வெளியில.
மொழிபெயர்ப்பாளருக்கு ஒண்டு: புது இலையை அப்பிடியே கட்டினால் சுருண்டு நொறுங்கிப் போகும். ஒரு பங்கு கிளிசரினுக்கு ரெண்டு பங்கு தண்ணி கலந்து ஊறவிட்டால் இலை பதமாக இருக்கும். நூலில இல்லாட்டில் அடிக்குறிப்பாப் போடுங்கோ.

புதுவயல்:
இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நிலைமாலை? கோயிலில் சந்நிதி வாசலுக்குச் சாத்துவது. மங்கலச் சொல், எல்லோருக்கும் தெரியும்.

தேவகோட்டை:
அது நிலையின் இருபுறமும் நீளமாகத் தொங்குவது. இது கதவின் நடுவில் தட்டுப் போல உட்காருவது. தோரணம் என்று ஒருவர் தனிமடலில் எழுதினார், அதற்கும் இதே பதில்.

காரைக்குடி, மொழிபெயர்ப்பாளர்:
வெள்ளி, இரவு பதினொன்று. 'இலைவளையம்' என்று போட்டு அனுப்பிவிட்டேன். நான்கு பேர் சரி என்றார்கள். அதில் இருவர் தூக்கக் கலக்கத்தில் சொன்னதாகச் சந்தேகம். அடிச்சட்டத்துக்குப் 'பிரிமணை', அதில் யாருக்கும் சண்டை இல்லை. படலை அடிக்குறிப்பில்.

தேவகோட்டை:
அதில் எனக்குச் சண்டை உண்டு, புரிமணை. இலைவளையமும் ஒப்புதல் இல்லை. வளையம் இருக்கிறவரை உன் ஆத்தா மறுபடியும் கேட்பார், பார்.

காரைக்குடி, மொழிபெயர்ப்பாளர்:
கேட்டுவிட்டார். அதிருக்கட்டும் ஐயா, அடுத்த அத்தியாயம். பைன் காயை ஒட்டச் சூடான பசையைப் பிதுக்கும் கருவி. மூலத்தில் 'பசைத் துப்பாக்கி' என்று இருக்கிறது.

கானாடுகாத்தான்:
முதல்ல மலர்வளையம், இப்பத் துப்பாக்கியா? என்ன புத்தகம்டா அது?