கடல் இறால்: ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா?

பாம்பன்காரன் (தாராவி)

மாதம் ஒருமுறை இருபது வீட்டுக்குச் சேர்த்து மும்பை மீன்பிடித் துறைமுகமான சசூன் டாக்கில் மீன் எடுத்து வந்து பங்கு போடுகிறோம். இந்த மாதத்திலிருந்து அதில் இறால் வேண்டாம் என்று கேட்கிறேன். காரணம் சொல்கிறேன்.

போன தடவை வண்டியோடு போனவன் நான். விடிவதற்கு முன்பே ஒரு குவியலைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். இறால் தேறியது ஒரு கூடை. மிச்சமெல்லாம் விரல் நீள நாக்கு மீன், பொத்தான் அளவு நண்டு, ஒரு சாண்கூட வளராத சுறாக்குட்டி. எங்கள் ஊரில் இதைச் சங்காயம் என்போம். அடிமாட்டு விலைக்குத் தீவன ஆலைக்குப் போகும். வளர விட்டிருந்தால் அத்தனையும் யாரோ ஒருவர் வீட்டுக் குழம்புக்கு ஆகியிருக்கும்.

இறால் தரையோடு கிடப்பது. அதைக் கிளப்பத்தான் இரண்டு பக்கமும் கனத்த பலகை கட்டி, அடிக்கயிற்றில் சங்கிலி போட்டு, பை மாதிரியான மடி வலையை இழுவைப் படகு கொண்டு கடல் தரையிலேயே இழுக்கிறார்கள். பாக் விரிகுடாவில் அது கடல் தாழையை, அதாவது கடலடிப் புல்லை, வேரோடு பிடுங்குகிறது. மீன் குஞ்சும் இறால் குஞ்சும் வளருவது அந்தத் தாழைக்குள். கடற்பசு மேய்வதும் அதையே. 2022-ல் தமிழக அரசு அங்கே 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது சும்மா இல்லை.

என் அப்பா நாட்டுப்படகுக்காரர். ஒரு ராத்திரி வலை விட்டுக் காத்திருந்து, விடிந்து இழுத்தால் நாலு மிதப்பும் அறுந்த கயிறும்தான் வந்தன. இழுவைப் படகு வலையை அறுத்துக்கொண்டு போயிருந்தது. அந்த வலைக்கு வாங்கிய கடனில் அம்மாவின் தோடு போனது.

தலோஜா தம்பி

அண்ணே, உங்கள் வீட்டில் நடந்ததைப் படித்தபோது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் இழுவைப் படகில் போகிறவனும் மீனவன்தான். என் அப்பா மண்டபத்தில் ஒரு முதலாளியின் விசைப்படகில் பங்குக்குப் போனவர். டீசல், ஐஸ் எல்லாம் கழித்து மிஞ்சினால்தான் பங்கு.

இந்த மடியை நாங்களா கண்டுபிடித்தோம்? 1950-களில் இந்திய-நார்வே திட்டம் கேரளத்துக்கு வந்தது. அப்புறம் அரசாங்கமே கடனும் மானியமும் கொடுத்து விசைப்படகு கட்டச் சொன்னது. இறால் அந்நியச் செலாவணி கொண்டுவரும் என்று சொன்னதும் அவர்கள்தான். இன்றைக்குக் கெட்டவன் மட்டும் படகில் நிற்கிறவன்.

நான் இங்கே இறால் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்க்கிறேன். தோல் உரிக்கும் பெண்களுக்கு எடைக் கணக்கில் கூலி. வரத்து நின்றால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், கிழக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் 61 நாள் தடை இருக்கிறது. தமிழ்நாட்டில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது. அதை ஒழுங்காக நடத்தச் சொல்லிக் கேளுங்கள், நானும் வருகிறேன். இருபது வீடு இறாலைத் தள்ளி வைப்பதால் கடலில் என்ன மாறும்?

கோலிவாடா அக்கா (சயான்)

தம்பி, சட்டம் இருக்கிறது, சரி. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியபோதும் அந்த 5 மைல் சட்டம் இருந்ததே! ஆமை மூச்சு விட மேலே வர வேண்டும். மடிக்குள் மாட்டினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். அது தப்பித்து வெளியேறக் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் கருவியே செய்து வைத்திருக்கிறது. படகுகளில் அதை மாட்டாததால் 2019-லிருந்து நம் கடல் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. உங்கள் ஆலைப் பெண்களின் கூலியில் அது விழவில்லையா?

எனக்கு மீன் கொடுக்கிற, மும்பையின் கோலி மீனவ சமூகத்து அம்மாவின் வீட்டுக்காரர் டோல் வலைக்காரர். கடலில் கம்பம் நட்டு, ஓதம் ஓடுகிற திசைக்குப் பை மாதிரி வலையைக் கட்டிவிட்டு வருவார்கள். பொம்பில் மீனும் ஜவளா என்கிற கூனியும் தானே வந்து விழும். அந்த வழியாக இழுவைப் படகு புகுந்தால் வலையும் போச்சு, கம்பமும் போச்சு. நாரியல் பௌர்ணமிக்குக் கடலுக்குத் தேங்காய் விட்டுத்தான் அவர்கள் தொழில் தொடங்குகிறார்கள். போன வருஷம் தேங்காய் விட்ட மூன்றாவது வாரமே வலை போய்விட்டது என்று என் வாசலில் உட்கார்ந்து அழுதார் அந்த அம்மா.

தலோஜா தம்பி

அக்கா, டோல் வலையின் கண்ணியும் சின்னதுதான். அதிலும் குஞ்சு மீன் மாட்டுகிறது, அதை யாரும் பேசுவதில்லை. ஆமைக் கருவி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதை ஒத்துக்கொள்கிறேன்.

கடல் இறால் வேண்டாம் என்றால் பண்ணை இறால் வாங்குங்கள். 2009-ல் வன்னாமி என்கிற பண்ணை இறால் வகை வந்த பிறகு ஏற்றுமதியில் பெரும்பங்கு அதுதான். ஆந்திராவிலிருந்து மும்பைக்கும் வருகிறது.

பாம்பன்காரன் (தாராவி)

பண்ணை இறாலுக்குப் போடுகிற தீவனத்தில் மீன் தூள் இருக்கிறது, தம்பி. அந்தத் தூளுக்குப் போவதும் நான் மேலே சொன்ன சங்காயம்தான். பண்ணையைச் சுற்றி நிலத்தடி நீர் உப்பானதால்தானே காந்தியவாதி ஜெகந்நாதன் ஐயா வழக்குப் போட்டு, 1996-ல் உச்ச நீதிமன்றம் கடலோரப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துத் தரையை வழித்து முடித்ததால்தான் படகுகள் எல்லை தாண்டுகின்றன. அந்தப் பக்கம் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பது யார்? 2009-ல் போர் முடிந்து, கடன் வாங்கி வலை பின்னிக் கடலுக்குத் திரும்பிய தமிழர்கள். இலங்கை 2017-ல் இழுவைமடியைத் தடை செய்தது அவர்கள் போராடியதால். நம் பையன்கள் கைதானால் இங்கே எல்லோரும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் நம் பலகை அங்கே அறுத்த வலையைப் பற்றியும் யாராவது பேச வேண்டாமா? அங்கேயும் ஒரு வீட்டில் தோடு அடகுக்குப் போயிருக்கும்.

பட்டியலில் இறாலை எடுப்பதோடு, தமிழக மீன்வளத் துறைக்கு நம் குழு சார்பில் ஒரு மனு எழுதுகிறேன். இழுவைமடியைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லி.

தலோஜா தம்பி

நிறுத்திவிட்டு எங்கே போவது? 2017-ல் ஆழ்கடல் படகுத் திட்டம் வந்தது. அப்போது ஒரு படகு 80 லட்சம். 70 சதவீதம் மானியம், 20 சதவீதம் வங்கிக் கடன், 10 சதவீதம் கைக்காசு. அதாவது எட்டு லட்சம் கையில் இருக்க வேண்டியிருந்தது, இழுவைப் படகும் சொந்தமாக இருக்க வேண்டியிருந்தது. பங்குக்குப் போகிற என் அப்பா மாதிரி ஆளுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. தாழைக்காகப் பேசுகிறீர்கள், வலைக்காகப் பேசுகிறீர்கள், படகில் நிற்கிற கூலிக்காரனை விட்டுவிடுகிறீர்கள். அவனுக்கு என்ன என்று மனுவில் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன். இறாலில் என் வீட்டுப் பங்கு மட்டும் இருக்கட்டும்.

கோலிவாடா அக்கா (சயான்)

என் வீட்டுக்கு இறால் வேண்டாம். அந்தக் காசுக்கு பொம்பில் எடுத்துக்கொள்கிறேன், கிடைத்தால்.

பாம்பன்காரன் (தாராவி)

நீ சொன்னது என் மனுவில் இல்லை, தம்பி. விட்டது தப்புதான். பங்கு ஆட்களுக்கு என்ன என்பதை முதல் பத்தியிலேயே வைக்கிறேன், வாசகத்தை நீயே எழுதிக் கொடு. ஞாயிறு விடிகாலை நாலு மணிக்கு வண்டி தாராவியிலிருந்து கிளம்பும். நீயும் வா, அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று மிச்சத்தைப் பேசுவோம்.