ஒரு கால் அசையவில்லை, இன்னொரு காலுக்குச் சூடு தெரியவில்லை

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு உதவி. காசிமேட்டில் ஐஸ் லோடு இறக்கும்போது லாரியிலிருந்து விழுந்த என் தம்பிக்கு முதுகுத் தண்டில் அடி, ஆபரேஷன் முடிந்து ரெண்டு மாசம் ஆகிறது. வலது காலைத் தூக்க முடியவில்லை, ஆனால் கிள்ளினால் கத்துகிறான். இடது கால் நன்றாக ஆடுகிறது, போன வாரம் அதில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து கொப்புளமே வந்துவிட்டது, பாவி, அம்மா பார்த்து அலறிய பிறகுதான் அவனுக்கே தெரியும்.

டாக்டரிடம் கேட்டால், அசைவுக்கான நரம்பு தண்டுவடத்தில் அதே பக்கமாக இறங்குமாம், வலியும் சூடும் தெரிகிற நரம்பு உள்ளே நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே எதிர்ப்பக்கம் தாண்டிவிடுமாம், அதனால் ஒரு பக்கம் மட்டும் அடிபட்டால் இப்படித்தானாம். பிரௌன்-செக்கார் என்று பேர் சொன்னார். முழுசாகப் பாதித்தவர்களைவிட இதில் நடக்க வாய்ப்பு அதிகம் என்றார், அதை நம்பித்தான் ஓடுகிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் வீட்டுக்கே வந்து பிசியோ பார்ப்பவர் யாராவது தெரியுமா? கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனைக்கு நம்ம ஏரியாவிலிருந்து யாராவது போயிருக்கிறீர்களா, படுக்கையில் சேர்த்துக்கொள்வார்களா, கூட ஒருவர் தங்கலாமா? அப்புறம், சும்மா கிடக்கும் காற்று மெத்தை இருந்தாலும் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.