ஜாஸ்மோனிக் அமிலம் மதுரை மல்லியில் கிடைத்ததா?

ஒத்தக்கடை உழவன்:
ஊர் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரு பதிவு சுற்றுகிறது. "பயிருக்கு எதிர்ப்புச் சக்தி தரும் ஜாஸ்மோனிக் அமிலத்தை உலகம் முதலில் கண்டதே மதுரை மல்லியில்தான். வரப்பில் நாலு மல்லிச் செடி வைத்தால் நெல்லுக்குக் குலைநோய் அண்டாது." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 1962இல் பூவின் வாசனை எண்ணெயிலிருந்து பிரித்தது அந்த அமிலத்தின் ஆவியாகும் உறவான மெத்தில் ஜாஸ்மோனேட்டை. அந்தப் பூ பிச்சி. மல்லி அல்ல.

மாட்டுத்தாவணி மல்லி:
எழுதியவன் நான்தான், ஐயா. பெயரிலேயே மல்லிகை இருக்கிறது. மல்லிகை என்றால் மதுரை. 2013இல் புவிசார் குறியீடு எந்தப் பூவுக்குக் கொடுத்தார்கள்? பிச்சிக்கா?

ஒத்தக்கடை உழவன்:
குறியீடு அமிலத்துக்கா கொடுத்தார்கள்? உங்கள் குண்டுமல்லி ஜாஸ்மினம் சம்பக். எண்ணெய் எடுத்தது ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம். தமிழில் பிச்சி.

திருமங்கலம் தோட்டக்காரர்:
பூ எதுவானால் என்ன? புழு கடித்தால் செடியில் ஜாஸ்மோனேட், அதாவது ஜாஸ்மோனிக் அமில வகை, ஏறும். உயிருள்ள திசுவில் ஒட்டி வாழும் கிருமி வந்தால் செடியின் இன்னொரு தற்காப்புப் பொருளான சாலிசிலிக் அமிலம் ஏறும். ஒன்று ஏறினால் மற்றது அடங்கும். குலைநோய்க்கு எது வேண்டும் என்று பேசுங்கள்.

ஒத்தக்கடை உழவன்:
அது கடுகுக் குடும்பத்து ஆய்வகச் செடியில் படித்த பாடம். நெல்லில் நோய் வருமுன்பே சாலிசிலிக் அமிலம் ஏராளம். இரண்டும் பல இடங்களில் கைகோத்தே வேலை செய்கின்றன. போகட்டும். "பூ எதுவானால் என்ன" என்றீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பூ பிச்சி.

சோழவந்தான் வயல்:
அண்ணே, என் வெள்ளைப்பொன்னியில் இலையெல்லாம் குலைநோயின் கண் வடிவப் புள்ளி. சாலிசிலிக் அமிலத்துக்கு உறவான ஆஸ்பிரினைக் கரைத்துத் தெளிக்கலாம் என்கிறார்களே?

மாட்டுத்தாவணி மல்லி:
1990இல் அமெரிக்காவில் ஒரு செடியின் வாசனை பட்டே பக்கத்துத் தக்காளி தற்காப்புக்குத் தயாரானது. மெத்தில் ஜாஸ்மோனேட் காற்றில் போகும். என் மல்லி செய்யாதா?

ஒத்தக்கடை உழவன்:
அந்தச் செடி நம் மரிக்கொழுந்துக்குப் பங்காளி. மல்லிக்கு அதில் பங்கே இல்லை. சோதனை நடந்தது மூடிய கலத்துக்குள். நம் ஒத்தக்கடை ஆனைமலைக் காற்று அடிக்கிற வரப்பில் அல்ல. தக்காளியில் ஏறியது புழுவின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதம். குலைநோய்ப் பூஞ்சைக்கு வயிறு எங்கே இருக்கிறது? இன்னொன்று, ஜாஸ்மோனிக் அமிலம் அநேகமாக எல்லாச் செடியிலும் உண்டு. உங்கள் கணக்குப்படி சீமைக்கருவேலமே நம் வட்டாரத்தைக் காத்திருக்க வேண்டும்.

மாட்டுத்தாவணி மல்லி:
பிச்சி பிச்சி என்று சொல்லிச் சொல்லி இவருக்குப் பித்தே பிடித்துவிட்டது. போன வருடம் வேப்பெண்ணெயை அளவு தெரியாமல் அடித்துக் கத்தரியைக் கருக்கியவர் எனக்குப் பாடம் எடுக்கிறார்!

ஒத்தக்கடை உழவன்:
கருகியது பக்கத்துத் தோட்டத்துக் கத்தரி. ஆயிரம் முறை சொல்லியாயிற்று.

திருமங்கலம் தோட்டக்காரர்:
ஆஸ்பிரின் கேட்டவருக்கு: 1979இல் அதைப் புகையிலைச் செடியில் செலுத்தித் தேமல் வைரஸின் புள்ளிகள் குறைந்ததைக் கண்டார்கள். புகையிலை, வைரஸ். உங்களுடையது நெல், பூஞ்சை. இலையைப் பறித்துக்கொண்டு வேளாண் அலுவலரிடம் போங்கள். தழைச்சத்தை நிறுத்துங்கள்.

ஒத்தக்கடை உழவன்:
யூரியாவைக் கொட்டிவிட்டு அமிலத்தைத் தேடுவதே நம் பிழைப்பு. ஆனால் மல்லி அண்ணன் இன்னும் பதில் சொல்லவில்லை. எந்தப் பூ?

மாட்டுத்தாவணி மல்லி:
மதுரைக்காரனுக்குப் பிச்சி மேல் இவ்வளவு பாசம் எப்படி வரும்? நீர் பிச்சி விளையும் குமரி மாவட்டத்துத் தோவாளைப் பக்கம்தானே?

ஒத்தக்கடை உழவன்:
ஏழு தலைமுறையாக ஆனைமலை அடிவாரம். என் தாத்தா போட்டதும் மல்லித் தோட்டம்தான். மல்லி வாசனைக்கு நான் அடிமை. 1962இல் எண்ணெய் பிழிந்த பூ மட்டும் பிச்சி.

சோழவந்தான் வயல்:
அண்ணே, கதிர்க் கழுத்தும் கறுக்கிறது. யாராவது…

மாட்டுத்தாவணி மல்லி:
தம்பி, கொஞ்சம் பொறுங்கள். அந்தத் தாத்தாவுக்கு எந்த ஊர் என்று இவர் முதலில் சொல்லட்டும்.