புதுப்பிப்பு: டி.ஓ. விண்ணப்பத்துக்கு எவ்வளவு இயற்பியல்?

டி.ஓ. என்ற மருத்துவப் பட்டம் தரும் அமெரிக்க ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க, கால்குலஸ் கலக்காத இயற்பியல் போதுமா, அதையும் ஒரே செமஸ்டரோடு நிறுத்தலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். என் பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கே எழுதிக் கேட்டேன்.

கால்குலஸ் கவலை தீர்ந்தது. பதில் அனுப்பிய எல்லோரும் அல்ஜீப்ரா வழிப் பாடத்தை ஏற்கிறார்கள். அளவுதான் கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது. ஆய்வகத்துடன் 8 செமஸ்டர் கிரெடிட், அதாவது பொதுவாக இரண்டு செமஸ்டர் பாடம், என்பது பழைய, இன்னும் பரவலான வழக்கம். சிலர் 4, அதாவது ஒரே செமஸ்டர், போதும் என்கிறார்கள். ஆண்டைச் செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் படித்தவர்களுக்கு அந்த 8 என்பது 12 ஆகும்.

"மதிப்பெண் குறைந்தால் திரும்ப எடுத்து மாற்றிக்கொள்ளலாம்" என்று ஒருவர் தைரியம் சொல்லியிருந்தார். அந்தச் சலுகை 2017இலேயே போய்விட்டது. டி.ஓ. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவையான ஆக்கோமாஸ் இப்போது எல்லா முயற்சிகளையும் சராசரியில் சேர்க்கிறது. இயற்பியல் மதிப்பெண், அறிவியல் பாடங்களுக்கு மட்டும் தனியாகக் கணக்கிடும் சராசரியான அறிவியல் ஜிபிஏவிலும் ஏறும். கணிதம் ஏறாது என்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இரண்டாம் செமஸ்டரையும் எடுக்கிறேன். காரணம் கல்லூரிகள் அல்ல, எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு. அதன் வேதியியல்-இயற்பியல் பகுதியில் 95 நிமிடங்களில் 59 கேள்விகள், கால்பங்கு இயற்பியல். மின்சுற்றும் ஒளியியலும் பெரும்பாலும் இரண்டாம் செமஸ்டரில்தான் வருகின்றன. தேர்வுக்குச் சில வாரங்கள் முன்பு லென்ஸ் சூத்திரத்தைத் தனியாக உட்கார்ந்து கற்கும் பொறுமை எனக்கில்லை.

சமுதாயக் கல்லூரியில் (இரண்டாண்டு உள்ளூர்க் கல்லூரி) இயற்பியல் படித்தால் ஏற்பார்களா என்று கேட்டவருக்கு: என் பட்டியலில் பெரும்பாலானவர்கள் ஏற்கிறார்கள். இணையவழி ஆய்வகத்துக்கு மட்டும் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.