ஏற்காட்டுப் பனி சாம்பலா, வெள்ளையா? (எச்பி5 ரோல், மூணு படம்)

கோரிமேடு36
வணக்கம். ஜனவரியில ஏற்காட்டுல ஆரம்பிச்ச ரோல், ஏப்ரல்லதான் முடிஞ்சுது. ரோல் விக்கிற விலைக்கு ஒவ்வொரு கிளிக்குக்கும் கை நடுங்குது. பென்டாக்ஸ் கே1000, 50 மி.மீ. லென்ஸ், இல்ஃபோர்டு எச்பி5 கறுப்பு-வெள்ளை பிலிம், ஐ.எஸ்.ஓ. 400லயே வச்சு எடுத்தது. வீட்டுலயே ஐடி-11 டெவலப்பர் மருந்துல கழுவினேன். குழாய்த் தண்ணி 31 டிகிரி! பால் பாக்கெட் கவர்ல தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல உறைய வச்சு, அதை பக்கெட்டுல போட்டு 24க்கு இறக்கி, ஐந்தேகால் நிமிஷம் வச்சேன்.

படம் 1: பகோடா பாயிண்ட், காலைல ஏழு மணி. பனிக்குள்ள மூணு சில்வர் ஓக் மரம்.
படம் 2: காப்பிப் பழம் பறிக்கிற ஒரு அக்கா.
படம் 3: ஏரிக்கரையில கட்டிப்போட்ட படகுங்க.

முகதாட்சண்யம் பாக்காம சொல்லுங்க.

பழைய இருட்டறை
சொல்லிடறேன். முதல் படம் அண்டர், லைட்டு பத்தலை. மரத்துத் தண்டுல பட்டை தெரியணும், கரிக்கட்டை மாதிரி இருக்கு. பனியைப் பாத்ததும் கேமராவுல லைட்டை அளக்கற மீட்டர் ஏமாந்திருக்கும். அதுக்கு உலகமே நடுத்தரச் சாம்பல் நிறம்னு நினைப்பு, பதினெட்டு சதவீதம். வெள்ளையா ஒண்ணைக் காட்டினா "அடேயப்பா, லைட்டு ஜாஸ்தி"ன்னு முள்ளு லைட்டைக் குறைக்கச் சொல்லிடும். அந்த முள்ளை நம்பினீங்க பாருங்க, அதான் தப்பு. ஒன்றரை ஸ்டாப் கூடக் குடுத்திருக்கணும் (ஒரு ஸ்டாப்னா லைட்டு ரெண்டு மடங்கு).

அப்புறம் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல கான்ட்ராஸ்ட்டை இழுத்திருக்கீங்க, தெரியுது. பிலிம்ல எடுத்துட்டு அதைப் பண்றதுக்கு டிஜிட்டல்லயே எடுத்திருக்கலாமே.

இரண்டாவது அருமை. அந்த முகத்துக்கே நூறு மார்க். மூணாவதை நான் பாக்கலைன்னு வச்சுக்குங்க.

மிளகுக்கொடி
சார், ஒன்றரை ஸ்டாப் ஏத்தினா அது ஸ்டுடியோவுல பின்னாடி தொங்கற வெள்ளைத் துணி ஆயிடும். நான் ஏற்காட்டுலயே பொறந்து வளர்ந்தவ. ஜனவரி காலைல ஏழு மணிப் பனி வெள்ளை கிடையாது, அடுப்புச் சாம்பல் நிறம். ஒன்பது மணிக்கு மேல வெயில் ஏறினாத்தான் பால் மாதிரி ஆகும், டூரிஸ்ட்டுங்க பாக்கறது அதை. தம்பி படத்துல இருக்கறதுதான் நாங்க பாக்கற பனி. மரம் கரியா நிக்கறதும் சரிதான், அந்த நேரத்துல கண்ணுக்கே பட்டை தெரியாது.

எனக்கு இரண்டாவதுலதான் குறை. காப்பி பறிக்கறது கையால. அந்தப் படத்துல கை எங்க? இடது மணிக்கட்டோட வெட்டியாச்சு, வலது கை இலைக்குப் பின்னாடி. இடுப்புல கட்டின பை பாதி தெரியுது. தலைப்பு போடலைன்னா அந்த அக்கா சும்மா செடிக்குப் பக்கத்துல நிக்கறாங்கன்னுதான் நினைக்கணும்.

பழைய இருட்டறை
அம்மணி, நீங்க ரெண்டு விஷயத்தை ஒண்ணாப் போட்டுக் கலக்கறீங்க. பனி சாம்பலா வேணுமா, வெள்ளையா வேணுமாங்கறது பிரிண்ட் போடறப்ப முடிவு பண்றது. நெகட்டிவ்ல லைட்டு விழுந்துச்சா இல்லையாங்கறது வேற. நிழல்ல விழாத லைட்டை எந்த மருந்தாலயும் வரவழைக்க முடியாது. கூடக் குடுத்து எடுத்துட்டு, பிரிண்ட்ல வேணுங்கற அளவுக்குச் சாம்பலாக்கிக்கலாம். குறைச்சு எடுத்துட்டா அந்த வழியே கிடையாது. எச்பி5 ரெண்டு ஸ்டாப் ஓவர் ஆனாக்கூடத் தாங்கும், அண்டரை அப்படித் தாங்காது.

மிளகுக்கொடி
"பிரிண்ட்ல வேணுங்கற அளவுக்குச் சாம்பலாக்கிக்கலாம்." இதைச் சொன்ன நீங்கதான் மேல தம்பியைக் கம்ப்யூட்டர்ல இழுத்துட்டன்னு திட்டினீங்க. பிரிண்ட் போடற என்லார்ஜர் அடியில நீங்க அட்டையை ஆட்டி ஒரு பக்கம் லைட்டை மறைச்சு, ஒரு பக்கம் கூட லைட்டு காட்டினா அது கலை. தம்பி மவுஸ்ல பண்ணா பாவமா? அமெரிக்க போட்டோகிராபர் ஆன்செல் ஆடம்ஸ் 1941ல ஹெர்னாண்டஸ்ங்கற ஊர்ல எடுத்த அந்த நிலாப் படத்தை, வருஷம் போகப் போக வானத்தைக் கறுப்பாக்கிக் கறுப்பாக்கிப் பிரிண்ட் போட்டார். நெகட்டிவ் என்னவோ அதே ஒண்ணுதான்.

உங்க காலத்துல கல்யாணத்துக்குப் பொண்ணு போட்டோ எடுத்தா, நெகட்டிவ் மேலயே பென்சில் வச்சு டச்சப் பண்ணுவீங்கதானே?

பழைய இருட்டறை
பண்ணியிருக்கேன். பருவை எடுத்திருக்கேன், அம்மைத் தழும்பை எடுத்திருக்கேன். ஒரு தடவை மாப்பிள்ளைக்கு மீசையைக் கொஞ்சம் அடர்த்தி பண்ணினதும் உண்டு. ஊட்டியில தயாரான இந்து ரோல்லதான் அப்ப எங்க பொழப்பு, இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்காரன் போட்டது. அதுல கிரெய்ன், அதான் பிலிம்ல தெரியற பொடிப்பொடிப் புள்ளி, மூஞ்சி பூரா தவிட்டைத் தூவின மாதிரி வரும். பென்சில் இல்லாம முடியாது.

சரி, இழுத்தது தப்புன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா நெகட்டிவ் அண்டர்தான்.

கொலுசுப்பட்டறை
நடுவுல பூந்ததுக்கு மன்னிக்கணும். கோரிமேட்டுத் தம்பி, கழுவி முடிச்ச ஹைப்போவை, அதான் படத்தை நிலைக்க வைக்கற மருந்தை, என்ன பண்ணுனீங்க?

கோரிமேடு36
சிங்க்ல ஊத்திட்டேண்ணே. ஏன்?

கொலுசுப்பட்டறை
அடப்பாவி. பிலிம்ல லைட்டுப் படாத வெள்ளி பூரா அதுலதானே கரைஞ்சு இறங்கும்! சேலத்துல இருந்துக்கிட்டு வெள்ளியைச் சாக்கடையில விடறதா? ஒரு ரோல்ல பெருசா ஒண்ணும் கிடைக்காதுதான், ஒரு கொலுசு மணிக்குக்கூடத் தேறாது. ஆனா வெள்ளி கலந்த தண்ணி சாக்கடையில போனா அங்க இருக்கற உசுருங்களுக்கு ஆகாது. கேன்ல சேத்து வைங்க.

சரி, சண்டையைத் தொடருங்க.

செவ்வாப்பேட்டை ரீல்
எனக்கு ஒரு சந்தேகம். அண்டர் அண்டர்ங்கறீங்க, எடுத்ததுல குறைஞ்சுதா, கழுவினதுல குறைஞ்சுதான்னு எப்படித் தெரியும்? ஐஸ் போட்ட தண்ணி, ஐந்தேகால் நிமிஷம். நடுவுல சூடு மாறியிருந்தா?

பழைய இருட்டறை
நல்ல கேள்வி. இவ்வளவு நேரம் பேசினதுல இதைக் கேக்காம விட்டது என் தப்பு.

தம்பி, நெகட்டிவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல பிடிங்க. படத்தைப் பாக்காதீங்க, ஓரத்தைப் பாருங்க. பல் ஓட்டைங்களுக்குப் பக்கத்துல கம்பெனி பேரும் படத்து நம்பரும் இருக்கும். நெகட்டிவ்ல லைட்டுப் பட்ட இடம்தான் கறுக்கும். அது தொழிற்சாலையிலயே லைட்டுப் போட்டு எழுதினது, உங்க கேமராவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த எழுத்து நல்லாக் கறுப்பா இருந்தா கழுவினது சரி. எழுத்தே வெளிறி இருந்தா மருந்துலயோ சூட்டுலயோ நேரத்துலயோதான் கோளாறு.

கோரிமேடு36
இப்பத்தான் பாத்தேன். எழுத்து மையில எழுதின மாதிரி கறுப்பா இருக்கு. ஏரிப் படமும் நல்ல கனமா இருக்கு. பகோடா பாயிண்ட் படத்துல மரம் இருக்கற இடம் மட்டும் வெறும் கண்ணாடி. பின்னாடி செய்தித்தாளைப் பிடிச்சா அது வழியாப் படிக்க முடியுது. பனி இருக்கற இடத்துல லேசாப் புகை மாதிரி இருக்கு, அவ்வளவுதான்.

பழைய இருட்டறை
கேஸ் முடிஞ்சுது.

மிளகுக்கொடி
முடியலை. மரத்துல ஒண்ணும் இல்லைன்னு ஒத்துக்கறேன். ஒண்ணும் இல்லாததுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. நீங்க சொன்ன மாதிரி எடுத்திருந்தா பட்டையெல்லாம் தெரிஞ்சு, மரம் என்ன வகைன்னு காட்டற படமாப் போயிருக்கும்.

பழைய இருட்டறை
தெரியறதை மறைச்சுக்கலாம். இல்லாததை எங்க போய்த் தேடறது?

கோரிமேடு36
அக்கா, இரண்டாவது படத்தைப் பத்தி நீங்க சொன்னது ராத்திரி பூரா மண்டையில ஓடிக்கிட்டு இருந்துது. கை வேகமா போகுது, ஆடிடும்னு பயந்து முகத்துக்குக் கிட்டப் போயிட்டேன். ஷட்டர் 1/125 செகண்டுல வச்சிருந்தேன். கேட்டுட்டுத்தான் எடுத்தேன், அவங்களும் சிரிச்சாங்க. "எனக்கு ஒண்ணு குடுப்பியா"ன்னாங்க.

மிளகுக்கொடி
கை ஆடட்டுமே. ஆடினாத்தான் வேலை செய்யறது தெரியும். பிரிண்ட் குடுத்தீங்களா?

கோரிமேடு36
இல்லை.

மிளகுக்கொடி
ஜனவரிக்கும் இப்பவுக்கும் எத்தனை மாசம்? முதல்ல அதைப் போட்டு எடுத்துட்டு வாங்க. எந்தத் தோட்டம்னு சொன்னா அவங்க இப்ப எங்க வேலை செய்யறாங்கன்னு விசாரிச்சு வைக்கறேன். பழம் பறிப்பு முடிஞ்சதும் ஆளுங்க வேற தோட்டத்துக்குப் போயிடுவாங்க.

பழைய இருட்டறை
இதுல அம்மணி பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

மலைக்கு வர்றப்ப ஒரு வேலை பண்ணுங்க தம்பி. பனி இருக்கற காலைல அதே மூணு மரத்தை மூணு தடவை எடுங்க. மீட்டர் சொன்னபடி ஒண்ணு, ஒரு ஸ்டாப் கூட ஒண்ணு, ரெண்டு ஸ்டாப் கூட ஒண்ணு. ஒரே ரோல், ஒரே கழுவல்.

மிளகுக்கொடி
சரி. ஆனா மூணையும் பனி ஒரே சாம்பலா வர்ற மாதிரி பிரிண்ட் போடணும். எது எந்த ஸ்டாப்னு சொல்லாம இங்க போடணும். இருட்டறைக்காரர் கண்டுபிடிக்கட்டும். ஞாயித்துக்கிழமை மட்டும் வராதீங்க, ஏழு மணிக்கே அங்க செல்ஃபி எடுக்க வரிசை நிக்கும்.

பழைய இருட்டறை
நான் தயார். பதில் சொன்னதுக்கப்புறம் நெகட்டிவையும் ஜன்னல்ல வச்சுக் காட்டணும்.

கொலுசுப்பட்டறை
ஹைப்போவை மறந்துடாதீங்க. கேன் நான் தர்றேன்.