3.56னா எத்தனை மார்க்கு? அப்பச்சிக்குப் பதில் சொல்ல முடியல

பள்ளத்தூர்_சித்தப்பா:
அண்ணன் மக நியூ ஜெர்சில ஒன்பதாவது முடிச்சு ரிப்போர்ட் கார்டு போட்டோ அனுப்புச்சு, ஜிபிஏ, அதாவது எல்லாப் பாட கிரேடோட சராசரி, 3.56னு போட்டிருக்கு. எங்க அப்பச்சி காதுல அது முப்பத்தஞ்சுன்னு விழுந்து, ஜஸ்ட் பாஸு தானான்னு காலைலேர்ந்து முகப்புல உக்காந்து ஒரே புலம்பல். நாலுக்கு மூணரைன்னு சொல்லி ஒரு வழியா சமாளிச்சிட்டேன். ஆனா நானே கூட்டிப் பாத்தா கணக்கு இடிக்குது. இங்கிலீஷ் ஏ 4, அல்ஜீப்ரா ஏ மைனஸ் 3.7, பயாலஜி பி பிளஸ் 3.3, ஹிஸ்டரி பி 3, டிராயிங் ஏ 4. மொத்தம் 18, அஞ்சால வகுத்தா 3.6 தான வரணும்? இதுல பங்காளி வீட்டுப் பையன் நாலுக்கு 4.3 வாங்கிருக்கானாம், இது எந்த ஊரு கணக்கு?

ஜெர்சி_ஆச்சி:
தம்பி, டிராயிங்குக்கு நேரா கிரெடிட், அதாவது சராசரில அந்தப் பாடத்துக்கு இருக்குற எடை, எவ்வளவுன்னு பாருங்க. இங்க பல ஸ்கூல்ல முழு வருஷப் பாடத்துக்கு 5 கிரெடிட், அரை வருஷத்துக்கு 2.5 தான். ஆறு மாசத்துக்குக் குடுத்த பணத்துக்கு வருஷ வட்டியா போடுவீங்க, செட்டிநாட்டுல இருந்துக்கிட்டு இதக் கேக்குறீங்களே 😀 நாலு பாடம் சேத்து 14, அத 5ஆல பெருக்கி 70, டிராயிங் 4ஐ 2.5ஆல பெருக்கி 10, ஆக 80. மொத்த கிரெடிட் 22.5. வகுத்துப் பாருங்க, 3.56 வரும்.

அந்த 4.3 வெயிட்டட், அதாவது கஷ்டமான பாடத்துக்குக் கூடுதல் சேத்துப் போட்டது. ஏபி (காலேஜ் தரத்துப் பாடம்) எடுத்தா 1, ஹானர்ஸ் (கொஞ்சம் கஷ்டமான வகுப்பு) எடுத்தா 0.5 கூடப் போடுவாங்க, ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறும். உங்க பொண்ணு பயாலஜிய ஹானர்ஸா எடுத்திருந்தா அதே பி பிளஸ் 3.8 ஆகி மொத்தம் 3.67 வந்திருக்கும். ரெண்டையும் வச்சு பங்காளி சண்டை போட்றாதீங்க.

தேவகோட்டை_ரஸ்தா:
9.5ஆல பெருக்குனா பர்சன்ட் வந்துருமே, எதுக்கு இவ்வளவு சுத்து? அப்புறம் ஆச்சி, என் பையன் பிளஸ் டூல 600க்கு 541, அங்க காலேஜுக்குப் போட ஜிபிஏ கேக்குது, பர்சன்ட்ட 25ஆல வகுத்துப் போட்ரவா?

ஜெர்சி_ஆச்சி:
ஐயோ. 9.5 சிபிஎஸ்இ பத்தாவதுல 10க்கு சிஜிபிஏ குடுத்த காலத்துக் கணக்கு, 2017ஓட போச்சு. 25ம் ஒத்து வராது, இங்க பல ஸ்கூல்ல 83லேர்ந்து 86 வரைக்கும் பி, அதுக்கு 3 தான், 3ஐ 25ஆல பெருக்குனா 75ல வந்து நிக்கும். உங்க ஸ்கூல் ஜிபிஏ தரலன்னா நீங்களா ஒண்ணு உண்டாக்காதீங்க, காமன் ஆப்ல (பல காலேஜுக்கும் பொதுவான ஆன்லைன் விண்ணப்பம்) ஜிபிஏ இல்லைன்னே குடுக்கலாம், 541ஐ மார்க் ஷீட்ல இருக்குறபடி அனுப்புங்க.

பள்ளத்தூர்_சித்தப்பா:
வட்டின்னதும் அப்பச்சிக்கு டக்குனு புரிஞ்சிருச்சு ஆச்சி, ரொம்ப நன்றி. இப்ப காலண்டர் பின்னாடி அவுகளே வகுத்துப் பாத்துட்டு, 3.5555ன்னு தான போகுது, 56ன்னு கூடப் போட்டானே, அந்தக் கூடுதல யாரு பற்றுக் கணக்குல எழுதுனான்னு கேக்குறாக.