மறு: சிங்க்ரோஃபேசர் – ‘ஒத்தியங்கு’ என்ற அடைமொழி வேண்டாம்

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் சிங்க்ரோஃபேசருக்கு ‘ஒத்தியங்கு கட்டவெக்டர்’ என்று முந்தைய மடலில் முன்மொழிந்திருந்தார்கள். ஃபேசர் என்பது மாறுமின் அலையின் அளவையும் கோணத்தையும் சேர்த்துச் சொல்வது; எல்லா இடத்திலும் ஒரே நேரத்தை அடிப்படையாக வைத்து அதை அளந்தால் சிங்க்ரோஃபேசர். ‘கட்டவெக்டர்’ எனக்குச் சம்மதம். முன்னால் வரும் ‘ஒத்தியங்கு’தான் உறுத்துகிறது. மின்கட்டமைப்பு சிமுலேட்டரையும் கட்டவெக்டர் மென்பொருளையும் பிணையத்தில் இணைக்க உட்காருகிற ஒருவரை இந்தச் சொல் நேராகத் தவறான இடத்தில் பிழை தேட அனுப்பிவிடும், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒத்தியங்கு என்ற சொல்லுக்கு மின்துறையில் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. ஒத்தியங்கு மின்னியற்றி என்றால் கட்டமைப்பின் அதிர்வெண்ணோடு பூட்டிக்கொண்டு சுழலும் எந்திரம். அதே சொல்லைக் கட்டவெக்டருக்கு முன்னால் போட்டால், இரண்டு துணைமின்நிலையங்களின் கட்டவெக்டர்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் இரு முனைகளின் கோணங்கள் வேறுபடுவதால்தான் மின்தொடரில் திறன் பாய்கிறது, அந்த வேறுபாட்டை அளக்கத்தான் கட்டவெக்டரை அளக்கும் கருவியே வந்தது.

அப்படியானால் ஒத்துப்போவது எது? கடிகாரம் மட்டும்தான். கோணத்தை எங்கிருந்து அளப்பது என்பதற்கு வரையறை தெளிவாக இருக்கிறது: உலகப் பொது நேரத்தில், அதாவது யூடிசியில், ஒரு நொடி பிறக்கும் அதே கணத்தில் அலை உச்சத்தில் இருந்தால் கோணம் 0 பாகை, அந்தக் கணத்தில் அலை சுழியைக் கடந்து மேலே ஏறிக்கொண்டிருந்தால் -90 பாகை. ஒவ்வொரு கருவியும் பக்கத்துக் கருவியைப் பார்ப்பதே இல்லை, எல்லாமே அந்த ஒரு நேரத்தைத்தான் பார்க்கின்றன. வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. கட்டவெக்டர் கணிதத்தை ஸ்டைன்மெட்ஸ் 1893இலேயே மின்பொறியியலுக்குக் கொண்டுவந்துவிட்டார். அருண் பட்கே, ஜேம்ஸ் தார்ப் குழுவினர் வர்ஜீனியா டெக்கில் 1988இல் முதல் அளவுக் கருவியைச் செய்தபோது புதிதாக வந்து சேர்ந்தது ஜிபிஎஸ் தந்த பொது நேரம். அந்தப் புதுமையைச் சொல்கிற அடைமொழிதான் நமக்கு வேண்டும்.

இப்போது இணைப்புச் சிக்கலுக்கு வருகிறேன். சிமுலேட்டர் ஒரு பக்கம், கட்டவெக்டர் தரவை அனுப்புவதற்கான ஐஇஇஇ சி37.118 நெறிமுறை பேசும் மென்பொருள் இன்னொரு பக்கம். பிங் போகிறது, டிசிபி 4712 அல்லது யூடிபி 4713 துறை (போர்ட்) திறந்திருக்கிறது, அடையாள எண்ணும் இரு பக்கமும் ஒன்றுதான், ஆனாலும் திரையில் ஒன்றும் வரவில்லை. இந்த நிலையில் முதலில் தேட வேண்டியது அமைவுச் சட்டகம் (கான்ஃபிகரேஷன் ஃப்ரேம்) வந்ததா என்பதை. தரவுச் சட்டகத்தில் வெறும் எண்கள்தான் வரிசையாக இருக்கும், எது மின்னழுத்தம், எது மின்னோட்டம், எந்த அளவுகோல் என்பதெல்லாம் அமைவுச் சட்டகத்தில்தான் இருக்கிறது. அது வராமல் மென்பொருளுக்குத் தரவு புரியவே புரியாது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு அலைவரிசையின் பெயருக்கும் 16 பைட்டு; ஓர் இலக்கச் சொல் (டிஜிட்டல் வேர்டு) சேர்த்தால் அதன் 16 பிட்டுக்கும் தனித்தனிப் பெயர், ஆக அதற்கு மட்டும் 256 பைட்டு. சில கருவிகளை ஒரே ஓடையில் சேர்த்தாலே அமைவுச் சட்டகம் ஈதர்நெட்டின் 1500 பைட்டு எல்லையைத் தாண்டிவிடும், யூடிபியில் அது துண்டுகளாக உடையும், வழியில் இருக்கும் தீச்சுவர் அந்தத் துண்டுகளைத் தள்ளிவிட்டால் சின்னதான தரவுச் சட்டகங்கள் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டே இருக்கும். பிணையத்தில் போய்வருவதைக் காட்டும் வயர்ஷார்க்கில் பார்த்தால் போக்குவரத்து ஆரோக்கியமாகத் தெரியும். அமைவுச் சட்டகத்தை மட்டும் டிசிபி வழியாகக் கேட்டு வாங்கினால் இது தீர்ந்துவிடும்.

அதுவும் சரியாகிவிட்டது, இணைப்பைச் சரிபார்க்கும் சோதனைக் கருவியில் அலைகள் அழகாக ஓடுகின்றன, ஆனால் பல இடத்துத் தரவைத் தொகுக்கும் ஓப்பன்பிடிசி போன்ற மென்பொருளின் வெளியீட்டில் சிமுலேட்டரின் இடம் மட்டும் காலி. இங்கேதான் நம் சொல் விவாதம் நிஜமாகவே முக்கியமாகிறது. சோதனைக் கருவி வந்ததை வந்தபடி காட்டும். தொகுக்கும் மென்பொருளோ ஒவ்வொரு சட்டகத்தின் நேரமுத்திரையையும் பார்த்து, குறித்த காத்திருப்பு நேரத்துக்குள் வராததைத் தள்ளிவிடும், ரொம்ப முந்தி வந்தாலும் தள்ளிவிடும். சிமுலேட்டரை வெளிக்கடிகாரத்தோடு பூட்டாமல் அதன் சொந்த நேரத்தில் ஓட விட்டிருந்தால் இதுதான் நடக்கும். பிணையத்தில் பிழையே இருக்காது. சட்டகம் தள்ளப்படாமல் தப்பித்தாலும் ஆபத்து தீரவில்லை: 50 ஹெர்ட்ஸில் 1 மில்லிநொடி பிசகினால் கோணம் 18 பாகை பிசகும். நெறி அனுமதிக்கிற 1 சதவீத மொத்த வெக்டர் பிழை (அளவு, கோணம் இரண்டின் பிழையும் சேர்ந்தது) முழுவதையும் தின்னச் சுமார் 32 மைக்ரோநொடி நேரப்பிழை போதும்.

கடைசியாக, ‘ஒத்தியங்கு’ கூடாது என்பதற்கு என்னிடம் இருக்கும் வலுவான காரணம். தரவுச் சட்டகத்தில் கருவியின் நிலையைச் சொல்லும் நிலைச்சொல்லின் 13ஆம் பிட் 1 ஆக இருந்தால், கருவி தன் நேர மூலத்தை இழந்துவிட்டது என்று பொருள். அதைத் திரையில் தமிழில் எப்படிக் காட்டுவது? ‘ஒத்தியக்கம் இழந்தது’ என்று போட்டால், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் ஒரு மின்னியற்றி கட்டமைப்பிலிருந்து பிடி நழுவிவிட்டது என்று படிப்பார். அது எந்திரத்தை உடனே துண்டிக்க வேண்டிய அவசரநிலை. ஜிபிஎஸ் ஆன்டெனா கம்பி கழன்றதற்கும் மின்னியற்றி நழுவியதற்கும் ஒரே தொடரை வைக்கவே கூடாது. ‘பொதுநேரம் இழந்தது’ என்று இருந்தால் கடிகாரத்தைத்தான் போய்ப் பார்ப்பார்.

ஆகவே என் முன்மொழிவு ‘பொதுநேரக் கட்டவெக்டர்’. ‘நேர ஒத்திசைவுக் கட்டவெக்டர்’ என்று இன்னொருவர் சொன்னது பொருளில் சரிதான், ஆனால் ஒத்திசைவை ஒத்ததிர்வுக்கும் இசைக்கும் என்று பலர் பல பொருளில் ஆண்டுகொண்டிருக்கிறார்கள், நீளமும் கூடுதல். அளக்கும் கருவிக்குக் ‘கட்டவெக்டர் அளவி’ போதும், அடைமொழி தேவையில்லை.

அப்புறம், மேலே சொன்ன தொகுக்கும் மென்பொருளுக்கு, அதாவது கான்சென்ட்ரேட்டருக்கு, ‘செறிவாக்கி’ என்று பட்டியலில் இருக்கிறது. அது எதையும் செறிவாக்குவதில்லை; பல இடத்திலிருந்து வருபவற்றை நேரமுத்திரை பார்த்து ஒரே வரிசையில் அடுக்கி அனுப்புகிறது. ‘நேரவரிசைத் தொகுப்பி’ என்று மாற்றலாமா? ‘தரவுத் தொகுப்பி’ என்று சுருக்கினால் தரவுத்தொகுப்போடு (டேட்டாசெட்) குழம்பும் என்பது என் கவலை. காத்திருப்பு நேரத்தை விளக்கும் பத்தியை இந்தச் சொல்லின் கீழேயே சேர்த்துவிட்டால் நல்லது, அந்த ஒரு அமைப்பைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் கேபிளை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் 13ஆம் பிட்டுக்கான திரைச்செய்தியை உங்கள் சொல்லில் எழுதிக் காட்டுங்கள், அதை வைத்தே ஒப்பிட்டுப் பார்ப்போம்.